பேசிக்கொண்டே மிதிப்பது

எங்கள் வீட்டு நடையில் நிற்கும் சைக்கிளுக்கு சீட் இரண்டு, ஹேண்டில்பார் இரண்டு, பெடல் நான்கு. சக்கரம் மட்டும் வழக்கம்போல இரண்டுதான். பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என்னிடம், "பின்னால இருந்து நீங்களும் மிதிக்கணுமா, சும்மா இருந்தா போதுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முன்னால் இருக்கிறவர் மிதிக்காமலா இருப்பார் என்று ஊருக்கு அப்படியொரு நம்பிக்கை. சமதளத்தில் இவர் கால் பெடலோடு சும்மா சுற்றி வருவதும், பாரமெல்லாம் என் தொடையில் இறங்குவதும் எனக்கல்லவா தெரியும்!

இவருக்குச் சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில் இரும்புக்கடை. ஆணி, கொண்டி, கீல், பூட்டு. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வலியசாலைக்கு வந்த நாள்முதல் இந்த வீட்டில் பேச்சு என் பொறுப்பு. இவர் பேசுவதெல்லாம் கடையில், அதுவும் சாமானைப் பற்றி. வீட்டில் ஒரு 'ம்' உண்டு. கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

ஐம்பதைத் தாண்டியதும் இருவருக்கும் சர்க்கரை எட்டிப்பார்த்தது. நடக்க இவருக்குப் பிடிக்காது. ஆளுக்கொரு மலை சைக்கிள் வாங்கினோம். விடிந்ததும் கிள்ளிப்பாலம் தாண்டி, கரமனைப் பாலம் ஏறி, கைமனம் வழியாக வெள்ளாயணிக் காயல்வரை போய்த் திரும்புவோம். 'போவோம்' என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் இவர் போவார், நான் வருவேன். கடையில் பொறுமையின் சிகரம் என்று பெயர் வாங்கிய மனிதர், சைக்கிளில் ஏறினால் பின்னால் ஒரு பெண்டாட்டி வருகிறாள் என்பதையே மறந்துவிடுவார். ஏற்றம் முடிகிற இடத்தில் காத்திருப்பார், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் நான் தட்டுத்தடுமாறி அங்கே போய்ச் சேரும்போது இவர் மூச்சு வாங்கி முடித்திருப்பார். நான் வாங்கத் தொடங்கியிருப்பேன். "வந்துட்டியா? போவமா?" என்று ஏறி மிதித்துவிடுவார். நான் ஓய்வெடுத்ததே இல்லை. இதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். 'ம்' என்றார்.

ஒருநாள் காயலுக்குப் போகும் வழியில் ஒரு வளைவைத் திரும்பினேன். சிறு பாலத்தின் சுவரில் இவர் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் புல்லில் கிடந்தது. இவர் சைக்கிளைக் கீழே போடுகிற ஆள் இல்லை. முகம் வெளுத்து, சட்டை நனைந்து, கை நெஞ்சில் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, வாயு. போவமா?"

வாயு இல்லை. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். சில மாதங்கள் கழித்து மலையாளி டாக்டர், எங்களுக்காக அவர் வைத்திருக்கும் தமிழில், "இனி சைக்கிள் விடலாம், குழப்பமில்லா. ஆனா ஒரு காரியம். பேசிக்கிட்டே விடணும். பேச்சு முட்டினா நிறுத்தணும். ஏற்றம் இப்ப வேண்டாம், கேட்டோ?" என்றார். பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் நெஞ்சுக்குப் பாரமில்லை என்பது கணக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவராவது, பேசுவதாவது!

நான் விடவில்லை. இரண்டு சைக்கிளையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். எனக்குச் சைக்கிள்மேல் பயமில்லை. வளைவுதான் பயம். வளைவுக்கு அப்பால் இவர் விழுந்து கிடப்பார், நான் இப்பால் கியர் மாற்றிக்கொண்டிருப்பேன் என்ற படம் கண்ணை மூடினால் வந்து நின்றது. இவர் பூட்டு வியாபாரி. நினைத்திருந்தால் அந்தப் பூட்டைத் திறக்க ஒரு நிமிடம் ஆகாது. திறக்கவில்லை. தினமும் காலையில் ஒரு பழைய துணியை எடுத்துவந்து, பூட்டியிருந்த சைக்கிளை அப்படியே துடைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அந்தத் துணியோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் காலத்தில்தான் போனில் துழாவி, கழக்கூட்டத்தில் யாரோ இரட்டை சீட் சைக்கிள் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் ஓட்டிப்போகிற ஒல்லிச் சைக்கிளைத்தான் மனதில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மலை சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், நடக்கிற எருமை அளவுக்கு நீளம். லிஃப்டில் ஏறாததால் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே உறை போட்டு வைத்திருந்தார்கள். விற்பவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சின்னஞ்சிறு தம்பதி.

"ரண்டுபேர்க்கும் முன்பில் இரிக்கணும் ஆன்ட்டி. அதான் பிரஸ்னம்" என்றாள் அந்தப் பெண்.

"குடும்பம் கலக்கும் சாதனம், கேட்டோ அங்கிளே" என்று அவள் புருஷன் தன் பங்குக்கு எச்சரித்தான்.

இவர் காதில் எதுவும் விழவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தார், வெல்டிங்கைத் தடவினார், செயினைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். எனக்குப் பெண் பார்க்க வந்தபோது இவ்வளவு அக்கறை காட்டியதாக நினைவில்லை. எல்லாம் முடிந்து நிமிர்ந்து, இரண்டு சீட்டையும் பார்த்து, தயங்கி, "நீ முன்னால இரிக்கியா?" என்றார்.

"வேண்டாம். நீங்க என் கண்ணு முன்னாலயே இருக்கணும். அதுக்குத்தான் இத வாங்குகதே" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இப்படியும் உட்காரலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

பின்கதவைத் திறந்துபோட்டு, சிவப்புத் துணி கட்டி, பெட்டி ஆட்டோவில் கொண்டுவந்தோம். எங்கள் தெரு வீடுகள் வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நேர்கோடு. வெளிச்சம் இல்லை, காற்று இல்லை என்று நான் குறை சொல்லாத நாளில்லை. அன்றைக்கு அந்தச் சைக்கிள் எங்கும் இடிக்காமல் நேராக உள்ளே போய் நின்றபோது, வீட்டின்மேல் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது.

மறுநாள் காலை பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் பிச்சிப்பூ, சக்கரத்துக்கொன்றாக எலுமிச்சம்பழம். அக்கம்பக்கம் முழுக்க வாசலில் நின்றது. நான் பின்சீட்டில் ஏறிக் கம்பீரமாக உட்கார்ந்தேன். இவர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட வேண்டும். நம் ஆண்கள் சைக்கிளில் எப்படி ஏறுவார்கள்? இடது காலைப் பெடலில் வைத்து, இரண்டு தத்துத் தத்தி, வலது காலைப் பின்பக்கமாக வீசிச் சீட்டைத் தாண்டிப் போடுவார்கள். இவரும் சின்ன வயதிலிருந்து அப்படியே ஏறிப் பழகியவர். பின்னால் வெறும் கேரியர் இல்லை, பெண்டாட்டி இருக்கிறாள் என்பது காலுக்கு எப்படித் தெரியும்? வீசிய வீச்சில் குதிகால் என் தோளில் வந்து இறங்கியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பிச்சிப்பூ ஒரு பக்கம். எலுமிச்சம்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தெருவே பார்த்தது. நடுத்தெருவில் புருஷன் பெண்டாட்டியை உதைத்துவிட்டானே!

இவர் ஓடிவந்து குனிந்தார். தூக்கிவிடப் போகிறார் என்று கையை நீட்டினேன். தூக்கவில்லை. கால் பட்ட தோளை விரல்களால் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் தொட்டு, மறுபடியும் ஒற்றிக்கொண்டார். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது ஒருவழிப் பாதை. படுக்கையில் என் கால் இவர்மேல் பட்டால் நான் ஒற்றிக்கொள்வேன். இவர் கால் என்மேல் பட்டால் இவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவரின் கை, அத்தனைபேர் பார்க்க, யோசிக்காமல், தானாகப் போய் அதைச் செய்தது. பிறகுதான் எல்லாரும் பார்ப்பது உறைத்து, காது சிவந்துபோனார். எனக்குத் தோள் வலித்தது. இருந்தாலும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி, "ஒரு உதை வாங்கினாலும் லாபம்தான்" என்றாள்.

அன்றிலிருந்து ஏறுவதற்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதலில் இவர் காலை முன்பக்கமாகத் தூக்கிப் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து நிற்பார். பிறகு நான் ஏறுவேன். நான் "போலாம்" என்று சொன்னால்தான் சைக்கிள் நகரும். பின்சீட்டில் பிரேக் கிடையாது, திருப்பவும் முடியாது. என் கையிலிருக்கும் ஹேண்டில்பார் சும்மா பிடித்துக்கொள்ளத்தான். ஆனால் இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே செயினில் கட்டுப்பட்டவை. நான் காலை நிறுத்தினால் இவர் காலும் நின்றாக வேண்டும். எனக்கு அந்த அதிகாரம் போதுமாக இருந்தது.

அடுத்தது பேச்சு. "பேசுங்க" என்றேன்.

"என்னத்த பேச?"

"வாய்க்கு வந்தத."

கரமனைப் பாலம்வரை யோசித்தார். பிறகு, "அரை இஞ்ச் ஆணி" என்றார். "முக்கா இஞ்ச். ஒரு இஞ்ச். ஒண்ணரை இஞ்ச்…" கைமனம் வரும்வரை ஆணி. காயல் வரும்வரை கீல், தாழ்ப்பாள், போல்ட்டு, நட்டு. பேச்சு நின்றால் என் கால் நிற்கும். கால் நின்றால், "ம், கண்ணாடிக் கதவுக் கைப்பிடி" என்று தொடர்வார். வழியில் பால் வாங்க நின்றவர்கள், இந்த ஆள் எதற்கு இரும்புச் சாமானைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதும். இவர் சட்டை முதுகும் கழுத்து நரையும் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் குரல் வருகிறது, அப்படியென்றால் மூச்சு இருக்கிறது.

ஆணியும் கீலும் எத்தனை நாளைக்கு வரும்? கடைச் சாமான் தீர்ந்துபோனதும் வேறு சங்கதிகள் வரத் தொடங்கின.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்டு வாசக்கதவுல ஒரு கீல் ஆடிட்டிருந்து. அதையே பாத்துட்டிருந்தேன். நீ காப்பி கொண்டுவந்தது பொறவுதான் தெரிஞ்சு."

நான் காலை நிறுத்திவிட்டேன். அது பயத்தில் நிறுத்தியது அல்ல.

இன்னொரு நாள், காயல் கரையில், "ஆஸ்பத்திரில பயமா இருந்து, கேட்டியா. நீ வெளிய நிக்கேன்னு தெரியும். காணத்தான் முடியல" என்றார். இதை முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் ஜென்மத்துக்கும் சொல்லியிருக்க மாட்டார். சாலையைப் பார்த்துச் சொன்னார். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடித்திருந்தது.

மழைக்காலம் போனபின் டாக்டர் சிறிய ஏற்றத்துக்குச் சம்மதித்தார். மூக்குன்னிமலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வழியாக ஒரு செம்மண் பாதை போகிறது. தடித்த டயருக்கு அன்றுதான் வேலை வந்தது. சின்ன கியரில் மெதுவாக ஏறினோம். இவர் அப்பாவோடு முதல்முதலாகக் கடைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். தொடக்கத்தில் நானும் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்து அடி வாங்கிய இடத்தில் கதை நின்றது.

"பொறவு?" என்றேன். பதில் இல்லை.

"ஏங்க!"

ரப்பர் இலைச் சருகுமேல் டயர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பாலத்துச் சுவரும் புல்லில் கிடந்த சைக்கிளும் கண்முன் வந்தன. காலை நிறுத்தினேன். சைக்கிள் தள்ளாடி நின்றது. இவர் காலை ஊன்றுவதற்குள் குதித்து, முன்னால் ஓடி, நெஞ்சில் கையை வைத்தேன்.

"என்ன செய்யுது? வலிக்கா? ஏன் பேச்ச நிறுத்துனிய?"

இவர் முகத்தில் வியர்வை இருந்தது, வலி இல்லை. என்னைத்தான் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீதான் பேச்ச நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கு, அதுவும் எப்பவும்போல இல்ல. நான் பேசுனா அது கேக்காதுல்லா. அதான் கேட்டுட்டு வந்தேன்."

எனக்கு உண்மையிலேயே மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. அதை நானே கவனிக்கவில்லை.

"எப்பத்திலிருந்து இந்தக் காவலு?"

"மொத நாள்ல இருந்துதான்" என்றார். "டாக்டர் சொன்னது உனக்கும் உள்ளதுதானே?"

பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்தேன். இவர் சைக்கிளை ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்தார். குடித்தேன். மூச்சு ஆறியது. இனி அந்த 'போவமா?' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவர் மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் ரப்பர்ப் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை.

கடைசியில் நான்தான் கேட்டேன்: "போவமா?"

"இரி" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இரி."