அரை வோல்ட்டும் ஒரு குரலும்

1. கையெழுத்து

பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்று. டைம் ஆபீஸ் மைக்கில் சொல்வது கீழே தோல் ஊறும் டிரம்கள் சுற்றுகிற டிரம் யார்டில் யாருக்கும் புரியவில்லை என்று, மைக்செட் ரிப்பேர் பார்க்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கில் பேசுகிறவர் ஜெசிந்தா. வருடக்கணக்கில் நின்றுகொண்டே தோல் தரம் பிரித்து, முதுகு போய், உட்காரும் வேலைக்கு வந்தவர்.

"மெஷின்ல தப்பா, அந்தம்மா வாய்ல தப்பா? அத மட்டும் எழுதிக் குடுங்க," என்றார் மேனேஜர். "வாய்ல தப்புன்னா பழைய செக்‌ஷனுக்கே அனுப்பிட்றேன்."

மைக்கைக் கழற்றி, அந்த இன்புட்டில் என் போனைச் செருகி, ஒரே சீராக ஒலிக்கும் டெஸ்ட் டோன் வைத்தேன். துணி கிழிகிற சத்தம். உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெயின் திருகைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், கடைசிக் கோடு வரைக்கும். டோன் கண்ணாடியாக வந்தது. 'ஆம்ப்ளிஃபயரில் குறை இல்லை.' எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மைக்கைத் திரும்ப மாட்டினால் ஜெசிந்தாவின் குரல் எறும்பளவு. கெயினை ஏற்றினால் கரகர. வேறு மைக், வேறு கேபிள், அதே கரகர. நானே பேசினேன். எனக்கும் கரகர. எனக்கும் வாயில்தான் தப்போ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். டோனுக்கு நல்ல மெஷின் குரலுக்கு எப்படிக் கெட்ட மெஷின்?

2. கிரெய்ன்

"கெயின கம்மி பண்ணாத்தான் சுத்தமா வருது," என்று முனகினேன்.

"கிரெய்னா?" என்றார் ஜெசிந்தா. தோலின் மேல்முகத்துக்கு அங்கே அதுதான் பேர். "கிரெய்ன் பாக்க பளீர்னு லைட்டு போடுவாங்களா இன்னா? வெளிச்சத்த கம்மி பண்ணி, சாய்ச்சிப் புடிச்சாதான் கீறலு தெரியும். ஜாஸ்தியா அடிச்சா எல்லாத் தோலும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்."

"நான் சொன்னது கெயின்மா."

"ஏதோ ஒண்ணு. நீங்க எவ்ளோ லைட்டு அடிச்சீங்க?"

அரை வோல்ட். போன் தருவது ஏறக்குறைய அவ்வளவு. மைக் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். முந்நூறு மடங்கு பெரியதை உள்ளே தள்ளி, அதற்காகக் கெயினை அடக்கி, மெஷினின் கரகரப்பையும் சேர்த்தே அடக்கியிருக்கிறேன்.

பையில் ரெசிஸ்டர் இருந்தது. பத்து கிலோ ஓம்ஸ் தொடராக, முப்பத்து மூன்று ஓம்ஸ் குறுக்காக. போன் சிக்னல் மைக் அளவுக்குச் சுருங்கியது. கெயினை ஏற்றினேன். டோனோடு கரகரப்பும் வந்தது. திறந்து பார்த்தால், இன்புட் சாக்கெட்டின் பின்னால் சால்டர் டேனரிக் காற்றில் கறுத்து விட்டுப்போயிருந்தது. சுரண்டி, புதிதாக வைத்தேன். டோன் தெளிந்தது. போனை எடுத்துவிட்டு மைக்கை மாட்டினேன்.

3. டிரம் யார்ட்

"மேனேஜர்கிட்ட பேப்பர மாத்திக் குடுத்துட்றேன்மா."

ஜெசிந்தா மைக்கை என் பக்கம் திருப்பினார். "பேப்பரு ரூமுக்குள்ள இருக்கும். கீழ இருக்கறவங்க என் வாயத்தான கிண்டல் பண்றாங்க? இதுல சொல்லுங்க."

சொன்னேன். "மெஷின்லதான் தப்பு. அந்தம்மா பேச்சுல இல்ல. நான் தப்பா டெஸ்ட் பண்ணிட்டேன்."

கீழே யாரோ விசிலடித்தார்கள். மேனேஜர் படியேறி வந்தார். "ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சி சார். போதும், மானம் போவுது." ஜெசிந்தாவைப் பார்த்து, "நீ உக்காரும்மா," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: குரல் நுழையும் இடத்தில் குரல் அளவுக்கே சிக்னல் அனுப்புங்கள். இது எனக்கு இப்போது தெரியும். தெரியாதது வேறு. என் குரலே கரகரத்து வெளியே வந்ததை என் காதால் கேட்டும், டோனை ஏன் நம்பினேன்?