பல்லாவரத்தில் வாங்கிய பவுடர்

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் தனசிங் என்று ஒருவர் இருந்தார். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். ஒல்லி உடம்பு, நல்ல கறுப்பு, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஜெயசீலி பள்ளிக்கூட டீச்சர், அவளும் தனியாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஜெயசீலிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, “ஆமா.” பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, கஞ்சி வேண்டாமென்றாலும் ஆமா. எந்த ஆமா எதற்கு என்று பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. காலையில் போவேன், தனசிங் ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்த பிறகு கிளம்புவேன்.

அந்த வீட்டில் படுத்திருந்தவளைக் கவனிப்பது சுலபம். நடமாடிக்கொண்டிருந்தவர்தான் கஷ்டம். தனசிங் ஓரிடத்தில் உட்கார மாட்டார். காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். பாதியில் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வாசல் கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார். திரும்பி வந்து நாற்காலியை நகர்த்திப் போடுவார், அதில் உட்கார மாட்டார். அக்காவைப் பற்றிய கவலை என்று முதலில் நினைத்தேன். அது அதிகம் இருந்தது சாயந்திரத் தபால்காரர் வரும் வேளையில். கவலைக்கு வேளை கிடையாது. இது வேறு ஏதோ என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்றார். அவர் காது மடலுக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தினமும் உடம்புகளைத் துடைக்கிற கைக்கு இதெல்லாம் தானாகத் தெரியும்.

“சார், கேலமைன் போட்டிருக்கீங்களா? சொறி ஏதாவது இருக்கா?”

அவர் கை காதுக்குப் போனது. “இல்லையே சிஸ்டர்.”

“இருக்கே. காட்டுங்க. ஒட்டுற வியாதின்னா அக்கா துணியைத் தனியாத் துவைக்கணும்.”

“வியாதி இல்ல.”

“பின்ன?”

கட்டிலில் இருந்து ஜெயசீலி “ஆமா” என்றாள். அது ‘சொல்லிவிடு’ என்கிற ஆமா. அவருக்கும் புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“பவுடர் சிஸ்டர். முகத்துக்கு. சில ஞாயித்துக்கெழம மத்தியானம், கதவச் சாத்திட்டு... அக்கா சேலைய எடுத்துக் கட்டிக்குவேன். சின்ன வயசுலேருந்து. அக்காவுக்குத் தெரியும்.”

மகப்பேறு, மனநோய், காசநோய் என்று எல்லா வார்டிலும் வேலை பார்த்தவள் நான். சேலை கட்டுகிற ஆணைப் பார்த்து மயங்கி விழ மாட்டேன். சொறி இல்லை என்பது போதும் எனக்கு. “சரி, காதைத் துடைச்சுக்கிட்டுப் போங்க” என்றேன்.

அன்று சாயந்திரம் மீதியையும் சொன்னார். பவுடர், கண் மை, லிப்ஸ்டிக் எல்லாம் ஜெயசீலிதான் அவள் பெயரில் பம்பாயிலிருந்து, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைப்பாள். டீச்சரம்மாவுக்குப் புத்தகம் வருகிறது என்று தபால்காரர் நினைத்துக்கொள்வார். இப்போது அவளால் எழுதவும் முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கவும் முடியாது. தபால்காரரைக் கண்டால் அவருக்கு அந்த நினைப்புத்தான். இருந்த பவுடர் டப்பா அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைக்காரக் குழந்தையின் கன்னத்து நிறம். “இதையா இத்தனை வருஷமாப் போட்டீங்க? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குமே.”

“இருக்கும்” என்றார். “கண்ணாடியில பாத்தா யாரோ ஒருத்தி நிக்கிற மாதிரி இருக்கும். நான் இருக்க மாட்டேன். ஒருநாளாவது என் நெறத்துலயே போட்டுப் பாக்கணும். நீங்க வாங்கிட்டு வர முடியுமா சிஸ்டர்?”

“உங்க முகத்தை நான் பையில எடுத்துட்டுப் போக முடியாது. பக்கத்துல வச்சுப் பாத்துதான் வாங்கணும். நீங்க வாங்க, கூட நான் வர்றேன்.”

மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டார். கோயில், ஆபீஸ், தெரு என்று யார் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றினார். அவர் பயம் பொய்யில்லை. ஒரு வாய் போதும், அதற்குப் பிறகு பாடகர் குழுவில் நிற்க முடியாது. அந்தப் பக்கத்தில் அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். நான் வற்புறுத்தவில்லை. ஜெயசீலிதான் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி “ஆமா, ஆமா” என்று சத்தம் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் காந்திமதியை ஜெயசீலிக்குத் துணை வைத்துவிட்டுக் கிளம்பினோம். தாம்பரம் மார்க்கெட் வேண்டாம் என்றார், அங்கே கடைக்கு ஒரு கோயில்காரர். பல்லாவரம் போகலாம் என்று சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பெட்டியில் இடம் இருந்தும் உட்காரவில்லை. குரோம்பேட்டையில் ரயில் நின்றதும் சடாரென்று இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன், வண்டி போய்விட்டது.

“எங்க செக்ஷன் சம்பந்தம் சார் மாதிரி ஒரு ஆளு உள்ள இருந்தாரு.”

“சம்பந்தமா?”

“இல்ல. மாதிரி.”

“ரயில்ல போறதுக்கு என்ன சார் தப்பு? முகத்துல எழுதியா ஒட்டியிருக்கு?”

அடுத்த ரயில் வரும்வரை பிளாட்பாரத்தின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்குமாக நடந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். இரண்டு பேரும் நடந்து என்ன ஆகப்போகிறது. நடந்துகொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தார். “சர்ச்சுல டிராமான்னு சொல்லிடறேன். கிறிஸ்மஸ் டிராமாவுக்கு வருஷா வருஷம் நான்தானே எல்லாம் பாத்துக்கறேன்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். சாமானைக் கேளுங்க, குடுப்பாங்க” என்றேன். காதில் வாங்கவில்லை.

பல்லாவரம் கடைத்தெருவில் முதல் ஃபேன்ஸி கடையைத் தாண்டிப் போனார். இரண்டாவதையும் தாண்டினார். திரும்பி வந்து முதல் கடையில் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். கடைசியில் ‘சுந்தரவல்லி ஃபேன்ஸி ஸ்டோர்’ என்ற போர்டைப் பார்த்து நின்றார். “இது பரவாயில்ல. நம்ம ஆளுங்க இருக்க மாட்டாங்க” என்று படியேறினார்.

உள்ளே கல்லாவுக்கு மேலே இயேசுநாதர் காலண்டர் தொங்கியது. கடைக்காரம்மா வெள்ளைச் சேலையில், தலையில் பூ இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சுந்தரவல்லி கடையை விற்றுவிட்டுப் போயிருக்கிறாள், வாங்கியவள் போர்டை மாற்றவில்லை. இவள் பெயர் ஹில்டா. தனசிங் வெளியே திரும்பிவிடப் பார்த்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், நகரவில்லை.

“இன்னா வோணும் சார்?”

“ஃபேஸ் பவுடர். வந்து... சர்ச்சுல டிராமா.”

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். “லெந்து நாள்ல இன்னா சார் டிராமா? எந்த சர்ச்சு?”

லெந்து நாள் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நாற்பது நாளும் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, கூத்து கேளிக்கை எதுவும் கிடையாது. அது தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து மீனைக்கூடத் தொடாதவர் தனசிங். தன் பொய்யில் மட்டும் அதை மறந்துவிட்டார். நானும்தான் நினைக்கவில்லை.

“ஈஸ்டர் டிராமா” என்றார்.

“ஈஸ்டர்ல யாருக்குப் பவுடரு? மகதலேனா மரியாளுக்கா?”

“ஆமா, மரியாளுக்கு.”

“அப்ப மரியாளா வர்ற ஆளக் கூட்டியாங்க. நெறம் பாக்காம எப்பிடிக் குடுக்கறது?”

“நான்தான் மரியாள்.”

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. கோயில் நாடகங்களில் ஆண்கள் பெண் வேஷம் போடுவது அவள் பார்த்ததுதான். “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா. வெளிச்சத்துக்கு வா சார்.” அவர் முகவாயைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். ஒரு டப்பாவைத் திறந்து தாடையில் தடவினாள், துடைத்தாள். இன்னொன்று, அதையும் துடைத்தாள். தடவும்போது பேசிக்கொண்டே இருந்தாள். “எந்த சர்ச்சு, சொல்லவே இல்லியே? தாம்பரமா? எங்க நாத்தனார் அங்கதான் கீது. ஈஸ்டருக்கு நானும் வந்து பாக்கறேன்.”

அவர் கால் அசைவதை நிறுத்தியது. காலையிலிருந்து முதல்முறையாக அப்போதுதான். டிராமா இல்லையென்றால் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும், நாத்தனாருக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரிந்துவிடும். கடையை விட்டு ஓடிவிடுவார் என்று நினைத்து நான் படியில் கொஞ்சம் ஒதுங்கினேன், இடித்துக்கொண்டு விழ எனக்கு வயதில்லை.

“டிராமா எதுவும் இல்லங்க” என்றார். “எனக்குத்தான். வீட்டுல போட்டுக்க.”

ஹில்டாவின் விரல் அவர் தாடையில் நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னாக்கா இது?”

“எதுவும் இல்லம்மா. அவர் சொன்னதுதான்” என்றேன். “நான் அவங்க வீட்டு நர்ஸ். அந்த ரெண்டு நெறமும் அவருக்குச் சரியில்ல, வேற எடுங்க.”

அவள் திறந்திருந்த இரண்டு டப்பாவையும் மூடித் தள்ளிவைத்தாள். அப்புறம் முட்டி போட்டு அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, முந்தானையால் துடைத்தாள். அதில் இருந்தது அச்சுப்போல் இறுகிய பழுப்புப் பவுடர். ஈரப் பஞ்சில் தொட்டு அவர் தாடையில் தேய்த்தாள். தேய்த்த இடம் எது, தேய்க்காத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

“வாங்கி வச்சு வருஷமாச்சு” என்றாள் ஹில்டா. “வர்றவங்க எல்லாம் செவப்பாவணும்னுதான் கேக்கறாங்க. அவங்கவங்க நெறத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.” கண் மையும் லிப்ஸ்டிக்கும் அவரே தேர்ந்தெடுத்தார். லிப்ஸ்டிக்கில் நேரம் எடுத்தார், அவசரப்படவில்லை. “சாந்துப் பொட்டு?” என்று ஹில்டா கேட்டபோது கொஞ்சம் விறைப்பாகவே சொன்னார்.

“எங்க வீட்டுல பொட்டு வைக்க மாட்டோம்.”

“நாங்க மட்டும் வைக்கறமா?” என்றாள் அவள். பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கையில் கொடுத்தாள், விடாமல் பிடித்துக்கொண்டாள். “சார், ஒண்ணு சொல்றேன். லெந்து முடியற வரைக்கும் இத்தப் போடக் கூடாது. நான் ஃபேன்ஸி கடை வச்சுக்கினே தலையில பூ வைக்கல, பாரு.”

தனசிங்குக்கு முகம் மாறியது. இது அவர் எதிர்பார்க்காத நிபந்தனை, ஆனால் நியாயமான நிபந்தனை. “போட மாட்டேன்” என்றார்.

அப்புறம் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பொட்டலம் ஜெயசீலியின் அலமாரி மேல் இருந்தது. அவர் ஆபீஸிலிருந்து வருவார், பார்ப்பார், கேட்டுக்குப் போவார், வருவார், பார்ப்பார். நூல் அவிழ்க்கப்படவில்லை என்பதை நானே கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். கோயிலில் ஹில்டாவின் நாத்தனார் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துப் பாட்டின் நடுவில் வரியை விட்டுவிடுவாராம். பாடகர் குழுத் தலைவர் கண்டித்திருக்கிறார். “வாக்குக் குடுத்துட்டேனே சிஸ்டர்” என்பார். “குடுத்தா காப்பாத்துங்க, உட்கார்ந்து காப்பாத்துங்க” என்பேன். ஜெயசீலிக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. அவர் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் “ஆமா” என்று நீட்டி இழுப்பாள். அது கேலி ஆமா.

யாரும் எதுவும் சொல்லவில்லை. நாத்தனார் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஹில்டா வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

ஈஸ்டர் அன்று விடிகாலை ஆராதனை முடிந்து அவர் திரும்பும்போது நான் ஜெயசீலிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சடை பின்னி முடித்தேன். வெளியே வந்தபோது ஜெயசீலியின் ஊதாப் பூப்போட்ட சேலை கட்டியிருந்தார். மடிப்பு சுமாராகத்தான் இருந்தது. முகம் கறுப்பாக, பளிச்சென்று, அவர் முகமாகவே இருந்தது. அக்கா கட்டிலுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜெயசீலி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த ஆமாவும் சொல்லவில்லை.

நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். உட்கார்ந்துகொண்டே முழு டம்ளரையும் குடித்தார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்றவரை முன்பு போலவே கூப்பிட்டுக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திருப்பியும் பார்த்தேன். பவுடரைத் துடைத்திருந்தாரா, துடைக்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“போங்க சார், ரயிலுக்கு நேரமாச்சு” என்றேன்.