ஆடிச் சீருக்கு வந்த இரட்டைக் கம்ப்யூட்டர்கள்

என் தம்பி இளவரசனுக்கு வாயில் பூட்டு கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "கேசரி நல்லா இருக்கே, பொண்ணு செஞ்சதா?" என்று என் மாமியார் கேட்டார். "இல்லீங்க, நான்தான் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல வாங்கினு வந்தேன்" என்றான் அவன். மாமியார் சிரித்துவிட்டதால் எனக்குக் கல்யாணம் ஆனது. அவனுக்கு இன்னும் ஆகவில்லை. போகிற பெண் வீட்டில் எல்லாம் எதையாவது உளறிவிட்டு வருகிறான். தவளை தன் வாயால் கெடும் என்பதை அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

எங்களுக்குக் கச்சிராயபாளையம். அப்பா பெயர் பாவாடை; அவருக்குக் கரும்பு விவசாயம். தம்பியைக் கரும்புக்குத் தண்ணீர் கட்டச் சொன்னால் தூங்கிவிடுவான். ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து முன்னால் போட்டால் சோறு தண்ணி கேட்க மாட்டான். கள்ளக்குறிச்சியில் கடை வைத்து, பாகங்களை வாங்கிப் பூட்டிக் கம்ப்யூட்டர் விற்கிறான். வேலை செய்யும்போது பெட்டியோடு பேசுவான், திட்டுவான், திடீரென்று கொஞ்சுவான். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பெரிய மருமகனுக்கு எதுவோ, சின்ன மருமகனுக்கும் அதுவே. மோதிரம் என்றால் ஒரே எடை, வேட்டி என்றால் ஒரே கரை. என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறார். என் தங்கை இலக்கியாவின் கணவர் அரங்கநாதன் கல்வராயன் மலையில், கரியாலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அருவி பார்க்க வருகிறவர்களைப் படம் பிடிப்பார், கல்யாணமும் எடுப்பார். அதனால் போன ஆடிச் சீருக்கு இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் என்று முடிவானது.

"டேய், ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும். பக்கத்துல பக்கத்துல வெச்சா எது யாரோடதுன்னு எனுக்கே தெரியக் கூடாது" என்று அப்பா தம்பியிடம் சொல்லிவிட்டார். அவனும் ஒரே கம்பெனிப் பொருள்களை வாங்கி, ஒரே நாளில், ஒரே மேசையில் இரண்டையும் பூட்டினான். உள்ளே சுற்றும் விசிறியின் நிறம்கூட ஒன்றுதான்.

கார்த்திகையில் வந்தது வினை. ஒரு பெரிய கல்யாண ஆர்டரை மருமகன்கள் இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். ஒரே வீடியோவை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டினால், எங்களுடையது வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அவர்களுடையது நொண்டிக்கொண்டு வருகிறது. அரங்கநாதன் ஏதோ யூடியூபைப் பார்த்து, மெமரி எவ்வளவு வேகம் என்று சோதிக்கும் மென்பொருளை இரண்டிலும் போட்டுப் பார்த்தார். எங்களுக்கு நாற்பத்தாறாயிரம். அவர்களுக்கு இருபத்து நாலாயிரம். இரண்டையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: "மாமா, பெரிய மருமகனுக்கு அசல், சின்ன மருமகனுக்கு நகலா?"

அப்பா அன்று சாப்பிடவில்லை. இலக்கியா எனக்குப் போன் போட்டாள். "அக்கா, நீயும் அண்ணனும் பேசி வெச்சிக்கினுதான இத செஞ்சீங்க?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "போடி, உன் ஓட்டைப் பெட்டி யாருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. கூடப்பிறந்தவள் என்னோடு பேசவில்லை. மனசு அறுத்தது, நான் மட்டும் இறங்கிப் போவேனா?

தம்பி போனிலேயே குதித்தான். "மாப்ள, ஒரே பெட்டிய ரெண்டு தபா ஓட்டினாலே ரெண்டு நம்பர் வரும். பின்னாடி வேற எதுனா ஓடிக்கினு இருந்தா கொறையும், சூடானா கொறையும். ஆனா அதெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி கம்மிதான். பாதிக்குப் பாதி வராது. பெட்டிய எதுனா தொறந்தீங்களா?"

"நான் தொடவே இல்ல. இனிமே உங்களையும் தொட வுட மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார் அரங்கநாதன்.

தை பிறந்தது. இலக்கியாவின் மகள் தனுஷாவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் அரங்கநாதன் அப்பாவிடம் சொன்னது வேறு. "சீர் எடுத்துக்கினு வாங்க, எல்லாரும் சாப்ட்டுப் போங்க. மடிக்கு மட்டும் முனியன் அண்ணன் வரட்டும்."

முனியன் எங்கள் பெரியப்பா மகன். நல்ல மனிதர்தான். ஆனால் கூடப்பிறந்த மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருவர் மடியா? தம்பி கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறவன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "அக்கா, அவ பொறந்தப்போ நர்சம்மா மொதல்ல என் கையிலதான் குடுத்தாங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு சட்டென்று எழுந்தான். "அக்கா, உன் வூட்டுப் பெட்டியக் குடு. ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சி, எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்றேன்."

இப்படியாக, எங்கள் சீர் வண்டியில் வாழைப்பழத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, தோடு வைத்த தட்டு ஆகியவற்றோடு ஒரு கம்ப்யூட்டரும் மலை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தம்பி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான். கரியாலூரில் மேளம் கொட்டி இறங்கினோம். தட்டு வரிசைக்குக் கடைசியில், தலையில் துண்டைச் சும்மாடு கோலி, அதன் மேல் பெட்டியைத் தூக்கி வந்தான் அவன். கூட்டம் சிரித்தது. அரங்கநாதன் சிரிக்கவில்லை. இலக்கியா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

"எமகண்டம் பொறக்கறதுக்குள்ள காது குத்தியாவணும். அதுக்குள்ள காட்ட முடிஞ்சா காட்டச் சொல்லுங்க" என்றார் அரங்கநாதன், தம்பியிடம் பேசாமல் அப்பாவிடம்.

பந்தலில் மேசை போட்டு இரண்டு பெட்டிகளையும் அடுத்தடுத்து வைத்தான். ஓட்டினான். எங்களுக்கு நாற்பத்தாறு, அவர்களுக்கு இருபத்து நாலு. "பாத்தீங்களா!" என்று ஒரு குரல். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தான். இரண்டிலும் ஒன்றே. மறுபடி ஓட்டினான். அதே பாதி. காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் தயாராக எடுத்து வைத்துவிட்டார்.

தம்பி ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியின் பக்கத் தகட்டை எடுத்தான். உள்ளே பார்த்தான். பிறகு கத்தினான் பாருங்கள், மேளக்காரர்களே திரும்பினார்கள்.

"கண்டுபுட்சிட்டேன்! ரேமு! எடம் மாறி இருக்குது!"

ரேம் என்பது மெமரிப் பட்டை. போர்டில் அதைச் செருக நாலு இடம். முதல் இரண்டு ஒரு பாதையில், அடுத்த இரண்டு வேறு பாதையில். இரண்டு ரேம் இருந்தால், நடுவில் ஓர் இடம் விட்டுப் பாதைக்கு ஒன்றாகச் செருக வேண்டும். அப்போது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். இங்கே இரண்டும் ஒட்டி ஒட்டி ஒரே பாதையில் நின்றன. அடுத்த பாதை காலி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் தம்பியாயிற்றே! "மாப்ள, நீங்களே மாத்திச் சொருவிட்டு என் மேல பழி போட்டீங்களா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டான்.

மருமகனைச் சபையில் வைத்தா? அரங்கநாதன் முகம் சிவந்து எழுந்தார். "நான் தொடவே இல்லன்னு எத்தினி தபா சொல்றது? முனியண்ணே, வாங்க. மணையில ஒக்காருங்க. ஆசாரி, நீங்க ஆரம்பிங்க!"

முனியன் அண்ணன் தயங்கித் தயங்கி வந்து மணையில் உட்கார்ந்தார். தம்பி திறந்த பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இலக்கியா வந்தாள். மணைக்குப் போகிற வழியில் பெட்டிக்குள் பார்வை போனது. நின்றுவிட்டாள்.

இரண்டு ரேமின் தலையிலும் ஒவ்வொரு சந்தனப் பொட்டு. அதன் மேல் காய்ந்துபோன குங்குமம்.

"அவரு இல்ல" என்றாள். மறுபடி உரக்கச் சொன்னாள். "அண்ணா, அவரு தொடல. ஆயுதபூச அன்னிக்கி அவரு ஷூட்டிங் போயிருந்தாரு. நான்தான் தொறந்து தூசி தட்டினேன். நீ கடையில செய்வியே, அந்த மாதிரி ரெண்டையும் கழட்டி ரப்பரால தொடச்சி, பொட்டு வெச்சேன். ஒரே ஜோடிய எதுக்குப் பிரிச்சி வெச்சிருக்குற, பூசையன்னிக்கி நல்லதா இதுன்னு சேத்துச் சொருவிட்டேன்."

அப்பாதான் முதலில் பேசினார். "அப்போ ஒரே வாய்க்கால்ல ரெண்டு மடையத் தொறந்துட்டு, பக்கத்து வாய்க்கால சும்மா போட்டிருக்குற. கடைமடைக்கு எப்பிடித் தண்ணி வரும்?"

தம்பி ஒரு ரேமைப் பிடுங்கி உரிய இடத்தில் அழுத்தினான். டக் என்றது. சுவிட்சைப் போட்டான். திரை இருட்டாகவே கிடந்தது. "எடம் மாறினா மொதல் தபா கொஞ்சம் யோசிக்கும், யோசிக்கும்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். திரையில் வெளிச்சம் வந்துவிட்டது! ஓட்டினான். நாற்பத்தாறாயிரத்துக்கும் மேலே! கூட்டம் கைதட்டியது. அவர்களுடைய எண் எங்களுடையதைவிட ஒரு நானூறு கூடுதலாக வந்திருக்க, "இன்னாடா, இப்போ எங்களுது கம்மியா இருக்குது?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கினார்.

முனியன் அண்ணன் யாரும் சொல்லாமலே மணையை விட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு ஓரமாகப் போனார். அரங்கநாதன் மனைவியின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கினார். தம்பியிடம் நேராக வந்தார்.

"வா மச்சான், ஒக்காரு" என்றார்.

தம்பி உட்கார்ந்தான். மடியில் தனுஷா. ஊசி பட்டதும் அவள் வீறிட்டாள். அவனும் சேர்ந்து அழுதான், முப்பது வயது ஆள், அத்தனை பேர் முன்னால் வெட்கமே இல்லாமல். எனக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது. யாரோ பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தார்கள். இலக்கியா.

"காலையில எப்போ கெளம்பின? எதுனா சாப்ட்டியாக்கா?" என்றாள்.