கோத்தகிரிக்குக் கிளம்பிப் போன வண்டி

முஜீபுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பழைய டீசல் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய், காலையில் அனுப்பிய வண்டிக்காரருக்கு போன் போடுவார். வீல் நட்டு முறுக்கியது கைக்கு ஞாபகம் இருக்கும், மனசுக்கு இருக்காது. அவர் மனைவி ஃபர்சானா, "சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்காதீங்க. அந்த நட்டு எங்கயும் ஓடிப்போயிராது" என்பார். ஓடிப்போய்விடும் என்றுதான் முஜீபுக்குத் தோன்றும்.

அப்படிப்பட்டவர், போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நிம்மதியாக இருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

முந்தின நாள் பாலுசாமி வந்திருந்தார். வெள்ளக்கிணறில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் சின்னப் பட்டறை அவருடையது. பதினான்கு வருடமாக ஒரே வண்டி, ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி.

"பாய், வாசல்ல கோலம் போடுற எடத்துல தெனமும் ஆயில் சொட்டுதுங்க. ஊட்ல பேச்சு வாங்கி முடியல. ஒருத்தரு, இஞ்சினுக்குப் பின்னாடி சீலு போயிருச்சு, கியர் பாக்ஸ எறக்கோணும், நாலு நாளாகும்ங்கறாரு. ஞாயித்துக்கெழம நான் கோத்தகிரி போகோணும். பொண்ணு கீதாவுக்கு ஏழு மாசம் முடிஞ்சிருச்சு, பிரசவத்துக்குக் கூட்டியாறோணும்."

முஜீப் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் முழுக்க ஆயில். யார் பார்த்தாலும் ஆயிலைத் தடுக்கும் பின் சீல்தான் போய்விட்டது என்று சொல்வார்கள். ஆனால் ஆயில் மேலிருந்து கீழே ஓடும், வண்டி போகும்போது காற்றில் பின்பக்கம் தள்ளப்படும். அதனால் சொட்டுகிற இடத்தை அவர் நம்புவதில்லை. இஞ்சினை டீசல் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முகப் பவுடரை எல்லாப் பக்கமும் தூவி, அரை மணி நேரம் ஓடவிட்டார். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரே ஒரு கோடு இறங்கியது. அது இஞ்சின் தலையிலுள்ள மூடிக்கு அடியில், பின்மூலையில் தொடங்கியது. ரப்பர் பேக்கிங் கல் மாதிரி இறுகி வெடித்திருந்தது. நாலு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

சனிக்கிழமை வண்டி எடுக்க வந்தபோது பாலுசாமியின் மனைவி சென்னியம்மாளும் கூட வந்திருந்தார். பாலுசாமி கீழே குனிந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

சென்னியம்மாள்தான் கேட்டார். "ஏனுங்க பாய், எண்ணெய் நின்னுபோச்சு, செரி. அந்தச் சத்தமுங்க? மிதிச்சா ம்ம்ம்முன்னு ஒரு ராகம் வருது. கால எடுத்தா நின்னுபோகுது."

"அட சும்மா இரு அம்மிணி. பழைய வண்டின்னா சத்தம் வராமயா இருக்கும்? நானும் லேத்துக்காரன்தான், எனக்குத் தெரியாதா?" என்றார் பாலுசாமி.

முஜீப் அன்றைக்குக் காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தார். சத்தி ரோட்டு நெரிசலில் முப்பதைத் தாண்டவில்லை. எதுவும் கேட்கவில்லை. "பின் டயரு தேஞ்சிருக்குங்கம்மா, அதுவா இருக்கும்" என்றார். சொன்னதும் அதை மறந்துவிட்டார். அன்று வீட்டில் ஒருமுறைகூட எழுந்துபோகாமல் சாப்பிட்டதைப் பார்த்து ஃபர்சானாவே ஆச்சரியப்பட்டார்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, ஆயிலை உறிஞ்சத் தரையில் போட்டிருந்த மரத்தூளைக் கூட்டினார். பாலுசாமியின் வண்டி நின்ற இடத்தில், பின் சக்கரங்களுக்கு நடுவே, ரூபாய் நாணயம் அளவில் இரண்டு கறை. தொட்டார். டீசல் இஞ்சின் ஆயில் மை மாதிரி கறுப்பாக இருக்கும். இது பழுப்பு, கெட்டி. மோந்து பார்த்தார். கியர் ஆயிலின் நாற்றத்தை வேறு எதனோடும் குழப்ப முடியாது, அழுகிய முட்டை நாற்றம். விரல்களில் தேய்த்து வெயிலில் காட்டினார். ஜரிகைத் தூள் மாதிரி மின்னியது. இரும்பு.

மிதிச்சா வருது, கால எடுத்தா நின்னுபோகுது.

டயர் சத்தத்துக்கு ஆக்ஸிலேட்டர் தெரியாது. கால் எடுத்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். மிதித்தால் வந்து, விட்டால் நிற்கிற சத்தம் பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து வருவது. உள்ளே பல்சக்கரங்கள் ஆயிலில் ஓடவேண்டும். ஆயில் இறங்கிவிட்டால் பேரிங் காயும், காய்ந்தால் ஒருநாள் இறுகிப் பிடிக்கும், பிடித்தால் பின் சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். எங்கே பிடிக்கும்? பாரம் ஏறும் இடத்தில். மலையில்.

போன் போட்டார். மணி அடித்து அடங்கியது. வண்டி ஓட்டும்போது பாலுசாமி போன் எடுக்க மாட்டார். நான்கு முறை போட்டுவிட்டு, கதவைக்கூடப் பூட்டாமல் பைக்கை எடுத்தார்.

வெள்ளக்கிணறு வீட்டில் கேட் பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர், "அவிய போயி முக்கா மணி நேரம் இருக்குமுங்க" என்றார். துடியலூரில் சிக்னல் சிவப்பு. முஜீப் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை ஆட்டிக்கொண்டே நின்றார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியபோது தெரிந்த ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் எட்டிப் பிடித்து உள்ளே பார்த்தார். ஒரு வண்டிக்காரர் முறைத்தார். காரமடையில் நிறுத்தி போனை எடுத்தால், பாலுசாமி கூப்பிட்டிருக்கிறார், இரண்டு முறை. பைக் சத்தத்தில் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அப்படியானால் மலை ஏறிவிட்டார்களா? ஏறும்போது ஒன்றும் ஆகாவிட்டால், இறங்கும்போது அந்தப் பெண் அல்லவா பின்சீட்டில் இருப்பாள்? 'அதுவா இருக்கும்' என்று தான் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. பார்க்காமல் எப்படிச் சொன்னோம்?

மேட்டுப்பாளையம் பாலம் தாண்டி, கோத்தகிரி ரோட்டில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், பலாப்பழக் கடை ஒன்றின் பக்கத்தில் அந்த வண்டி நின்றது. பாலுசாமி பானட்டைத் திறந்து இஞ்சினையே வெறித்துக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் பத்தடி தள்ளி, ஒரு கல்லின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய்! எப்படிங்க வந்தீங்க? நீங்களே பாருங்க, ஒரு சொட்டு ஆயில் ஒழுகல. சத்தம் கூடிப்போச்சாம். எறங்கி உக்காந்துட்டா, ஏறமாட்டேங்கறா."

முஜீப் அவரிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் அடியில் நுழைந்து, அந்தக் கூட்டின் முன்மூக்கில் கொஞ்சம் தெளித்தார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி 'சுர்' என்று பொரிந்தது. அந்தச் சத்தம் பாலுசாமிக்கும் கேட்டது.

முஜீப் வெளியே வந்து எழுந்து நின்றார். சட்டை முழுக்க மண். "தப்பு என்மேலதானுங்க. பின் ஆக்ஸிலுக்குள்ள ஆயிலே இல்ல. அம்மா நேத்தே தெளிவாச் சொன்னாங்க, நான் காதுல வாங்கல."

"டயருன்னு சொன்னீங்களேங்க!" பாலுசாமியின் குரல் உயர்ந்தது. பலாப்பழக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ற புள்ளைய இதுலதான கூட்டியாறதுக்கு இருந்தேன்? பாத்துட்டுச் சொல்ல மாட்டீங்களா?"

முஜீப் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"இப்பக் கத்தி என்னத்துக்கு?" சென்னியம்மாள் கல்லிலிருந்து எழுந்தார். "புள்ள வழி பாத்துட்டு உக்காந்திருப்பா. பஸ்சைக் கைகாட்டுங்க." பிறகு முஜீபைப் பார்த்து, "நீங்க எதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அதுதான் முஜீபை அதிகம் சங்கடப்படுத்தியது.

அவர்கள் பஸ்சில் போனார்கள். மறுநாள் கீதாவை மருமகனே வாடகைக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார். இழுவை வண்டி வரும்வரை முஜீப் அங்கேயே, பலாப்பழக் கடைக்கும் வண்டிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கூட்டைப் பிரித்தார். அடியில் கஞ்சி மாதிரிக் கொஞ்சம் சேறு. முன் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அந்தப் பேரிங் ஆடி ஆடித்தான் கூட்டின் ஆயில் சீலைக் கிழித்திருந்தது. பல்சக்கரங்கள் தப்பியிருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஏறியிருந்தால் அவையும் போயிருக்கும். ஒரு பேரிங்கைக் கையில் எடுத்து மேசைமேல் வைத்தார், பிறகு பார்க்கப் பிடிக்காமல் துணி போட்டு மூடினார்.

வேலை முடிந்த அன்று பாலுசாமி வரவில்லை. மகன் மதன்குமாரையும் சென்னியம்மாளையும் அனுப்பியிருந்தார். முஜீப் சாவியைக் கொடுக்கவில்லை. "அம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க. போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். மூன்று பேரும் நெரிசலைத் தாண்டி நீலாம்பூர் பைபாஸுக்குப் போனார்கள். அறுபது, எழுபது. மிதித்தார், விட்டார்.

"இப்பங்க?"

சென்னியம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். "மறுக்கா ஒருவாட்டி மிதிங்க."

மிதித்தார்.

"இல்லீங்க. நின்னுபோச்சு." கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்தார். "பின்னாடிக் கதவுகிட்ட என்னவோ கிட்டு கிட்டுன்னு வருதுங்களே?"

"அது ரப்பருங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்த முஜீப், சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்.