பவளப்பாறை நத்தையும் திண்டிவனம் வாத்தியாரும்

புதுப் பிராணிக்கு உடற்கூறு எழுதுகிறவன் கைக்கு அந்தப் பிராணி எப்போதும் செத்துத்தான் வந்து சேரும். உங்களில் யாராவது இந்த வம்பில் மாட்டியிருந்தால் என் ஏக்கம் புரியும். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு நான் திண்டிவனத்தில் விஞ்ஞான வாத்தியார். பாம்பனில் மீன் இலாகாவில் இருந்த என் காலேஜ் சிநேகிதன் சுந்தரத்துக்கு, பவளப்பாறையில் ஒட்டி வாழும் ஒரு நத்தை கிடைத்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத நத்தை. "அறுத்துப் பார்த்து எழுது" என்று பதினொன்றை ஸ்பிரிட்டில் போட்டு ரயிலில் அனுப்பிவிட்டான்.

பார்சல் வாசனை

ஜாடி விழுப்புரம் ஜங்ஷனிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. பார்சல் ஆபீஸ் முழுக்கச் சாராய நெடி. தகவல் வந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே இருப்பது நத்தை, ஆராய்ச்சிக்கு வந்தது என்று குமாஸ்தாவிடம் தொண்டை வற்றச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நானும் எத்தினியோ பேரைப் பாத்துக்கினுதான் இருக்கேன் சார், தொட்டுக்கிறதையும் உள்ளயே போட்டு அனுப்பிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

பல்லைத் தேடி

நத்தையின் வாய்க்குள் அரம் போல ஒரு பல்பட்டை இருக்கும். சதையைக் காஸ்டிக் சோடாக் காரத்தில் போட்டுக் கரைத்தால் பல் மட்டும் மிஞ்சும். அதை எண்ணி வரையாமல் உடற்கூறு முடியாது. முதல் நத்தையில் பல்லைக் காணோம். கைதவறித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாவதைக் கரைத்தேன். இப்படியே ஆறு நத்தை போய்விட்டன.

என்னை நானே திட்டிக்கொண்டு சுந்தரத்துக்கு எழுதினேன். 'இந்த ஜாதி பவளத்தை உறிஞ்சியே பிழைக்கிறது, இதற்குப் பல்லே கிடையாதாம்' என்று பதில் போட்டான். படித்துக் காட்டியதும் என் மனைவி மரகதம் சிரித்தாள். "உறிஞ்சிக் குடிக்கிறதுக்குப் பல்லு எதுக்குங்க? நாலு புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு இதே வீட்லதான இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

ஜங்ஷனோடு சரி

மிஞ்சிய ஐந்தில் குடல், இதயம், நரம்பு எல்லாம் வரைந்து முடித்தேன். 'உயிரோடிருக்கையில் நிறம்' என்ற வரி மட்டும் காலி. ஸ்பிரிட்டில் ஊறிய உடம்பு வெந்த சோறு மாதிரி வெளுத்துக் கிடந்தது. சுந்தரமோ, 'சிவப்பு மாதிரி, ஊதா மாதிரி' என்று மழுப்பினான். ஒரே ஒரு தடவை அது பாறையில் உயிரோடு இருப்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. அரும்பாடுபட்டு லீவு வாங்கி விழுப்புரம் வரை போனேன். வந்த வண்டியிலெல்லாம் சிப்பாய்கள். இரண்டு நாள் பிளாட்பாரத்தில் காத்துக் கிடந்தேன். எதற்காகப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டிக்கெட் பரிசோதகர் சமாதானம் சொன்னார்: "நத்தை எங்க சார் ஓடிடப் போவுது? சண்டை முடியட்டும், மெதுவா போய்ப் பாருங்க."

கடைசி வரி

சண்டை முடிந்தபோது எனக்கு முடக்குவாதம், சுந்தரத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல். அவன் கிளம்புவதற்கு முன், நத்தையை எடுத்துத் தந்த சங்குகுளிக்கிறவரிடம் நிறத்தைக் கேட்டு எழுதச் சொன்னேன். கார்டு வந்தது. படித்துவிட்டு, காலியாக இருந்த வரியில் 'தெரியவில்லை' என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அந்த மனிதர் சொன்னது இதுதான்: "மேல கொண்டாந்ததுமே நெறம் போயிருதுய்யா. கீழ இருக்கிற நெறத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்ல, அவுகளையே ஒரு தரம் வந்து முங்கிப் பாக்கச் சொல்லுங்க."

குடல் எத்தனை மடிப்பு, இதயம் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்; அந்த நத்தையே உயிரோடு எதிரில் வந்து நின்றால் மட்டும், யார் என்று கேட்பேன்.