முயலுக்கு முட்டைகோஸ்

எங்கள் அத்தைக்குக் கழுத்து வீங்கிக் கண்கள் பிதுங்கத் தொடங்கிய வருடம், விருத்தாசலத்தில் அதற்குக் காரணம் சொல்லாத ஆளே இல்லை. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற வேலை அவளுக்கு. சூளைச் சூடு என்றார் அப்பா. கண் திருஷ்டி என்றாள் அம்மா. கடலூர் டாக்டர் மட்டும் தைராய்டு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எதனால் வந்தது என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். நியாயமான மனிதர்.

டாக்டர் விட்ட இடத்தை அப்பா பிடித்துக்கொண்டார். "சூளைதான் காரணம். வேலைய வுட்டுட்டு வூட்டுல இரு" என்றார். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அத்தைக்கு, காலையில் தலைவாரிக் கிளம்பிப் போக வேறு இடம் கிடையாது.

சிதம்பரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா அக்காவுக்காக வாதாட வந்தார். வெளிநாட்டில் யாரோ முயல்களுக்கு முட்டைகோஸாகவே போட்டு வளர்த்ததில் தொண்டை வீங்கிப்போனதாம், புத்தகத்தில் இருக்கிறதாம். அத்தை தினமும் டிபன் பாக்ஸில் கொண்டுபோனது முட்டைகோஸ் பொரியல்தான். "முயலுக்கு வீங்கிடிச்சின்னா சூளை மேல தப்பில்லன்னு ஒத்துக்குறியாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

மங்கலம்பேட்டையிலிருந்து இரண்டு முயல்கள் வந்தன. ஒன்றுக்குப் புல், மற்றதற்கு முட்டைகோஸ். கைப்பிடி கோணிப்போய்க் கம்பெனி கழித்த கோப்பைகளில் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முயலைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா ரோமத்துக்குள் நூலை விட்டுக் கழுத்தை அளப்பார். முயல் திமிறும், நூல் நழுவும், அளவு வாரத்துக்கு ஒன்றாக வரும். கண் பிதுங்குகிறதா என்றும் பார்ப்போம். "அதுக்குப் பொறந்ததுலேருந்தே கண்ணு அப்படித்தான்டா இருக்குது" என்பார் அப்பா. அந்த ஆராய்ச்சியில் யாராவது உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சித்தப்பா சிதம்பரத்தில் இருக்கும் நாட்களில் தீனி போடுவது அத்தையின் பொறுப்பு. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தபோது, முட்டைகோஸ் முயலுக்கு அத்தை குந்தி உட்கார்ந்து அருகம்புல் ஊட்டிக்கொண்டிருந்தாள். முட்டைகோஸைப் பக்கத்து வீட்டு மாடு தின்றுகொண்டிருந்தது.

"என்ன அத்தை, கெடுத்துட்டியே. இது வீங்கலன்னா ஒனக்கு வேல போயிடும்ல" என்றேன்.

"முழுங்க முடியாம, படுத்தா மூச்சு முட்டிக்கிட்டு... அது எனக்குல்ல தெரியும். சொல்றதுக்கு இதுக்கு வாய் இருக்குதா?" என்றாள். பிறகு, "சித்தப்பாகிட்ட சொல்லாத. மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிப்பான்" என்றாள்.

பொங்கல் லீவுக்கு வந்து சித்தப்பா கடைசியாக அளந்தார். இரண்டு கழுத்தும் ஒன்றுபோல்தான் இருந்தன. அவருக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை. "அப்ப சூளைதான்" என்று மட்டும் சொன்னார். அத்தை முயல் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. கொல்லையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

எனக்கு அவள்மேல் கோபமான கோபம். ஜெயிக்கிற வழி கையில் இருந்தும் கோட்டைவிட்டவள் என்றுதான் அத்தையைப் பற்றி நெடுநாள் நினைத்திருந்தேன்.