யார் வீட்டு மொழியும் இல்லை

எஸ்பெராண்டோ படிக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதப் படிச்சா எங்க வேல கிடைக்கும்?" என்பதுதான். சங்கரன்கோவிலில் இதை என்னிடம் கேட்காத ஆள் பாக்கி இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடக் கேட்டுவிட்டார். சீரியல் பார்ப்பவளிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கிரிக்கெட் பார்ப்பவனிடமும் கேட்பதில்லை. ஒரு பொம்பளை காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாக முணுமுணுத்தால் மட்டும் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் நான் ஒரு டீச்சர். உள்ளூரில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கணக்கு டீச்சர் பூஜ்யத்தைச் சொல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? என் வாயில் அது 'ஜீரோ' என்றுதான் வரும். ஊரே அப்படித்தான் சொல்லும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது பள்ளியின் தாளாளர் எழுந்து பக்கத்தில் வந்தார். "ஜீரோ இல்ல மிஸ், இஸட்ல வரணும். பல்ல ஒட்டிக் காத்த விட்டுச் சொல்லுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். நானும் புஸ்ஸு புஸ்ஸென்று காற்றை விட்டேன். வரவில்லை. முன்வரிசை அம்மாமார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மூடக்கூட இல்லை.

அதற்குப் பிறகு பள்ளிக் கூட்டம் எதிலும் நான் வாயைத் திறந்ததில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்து நாற்காலி டீச்சரின் காதில் சொல்வேன். அவர் எழுந்து இங்கிலீஷில் சொல்வார். பாராட்டெல்லாம் அவருக்குப் போகும். நான் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ணங்கென்று வைப்பேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு பொது மொழியில், நாலு பேர் முன்னால், பயமில்லாமல் என்னால் பேச முடிய வேண்டும். இது பேராசையா?

எஸ்பெராண்டோவைப் பற்றிப் போனில் எதையோ தேடும்போது படித்தேன். எல்லா நாட்டாரும் பொதுவாகப் பேசட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய மொழி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. "இது எங்க வீட்டு பாஷ, நீ தப்பாப் பேசுதே" என்று அதட்ட ஆள் கிடையாது. அதுதான் என்னை இழுத்தது. பூஜ்யத்துக்கு அதில் என்ன சொல் என்று முதலில் பார்த்தேன். 'நுல்' என்று இருந்தது. விசைத்தறி ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லுக்கா நாக்கு மடங்காது? அன்றைக்கே அதைப் படிக்கும் செயலியைப் போனில் இறக்கிவிட்டேன்.

"அது எந்த நாட்டு பாஷ?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எந்த நாட்டுதும் இல்ல."

"பின்ன யாருகிட்டதான் பேசுவ?"

"கண்டிப்பா ஒங்ககிட்ட இல்ல. நீங்க தமிழ்ல சொன்னாலே காதுல வாங்க மாட்டிய."

பள்ளியில் இன்னும் மோசம். "டீச்சர் இல்லாம படிச்சா எப்படிட்டி வரும்? அதுக்குப் பேசாம ஜெர்மன் படி. எங்க சித்தி மவ நர்ஸா போயிட்டா" என்றாள் உடன் வேலை பார்ப்பவள். டீச்சர் இல்லாமல் எதுவும் வராது என்று ஒரு டீச்சரே சொன்னது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு எதைத் தனியாகப் படிக்கத் தைரியம் இருந்தது, சொல்லுங்கள். கோலத்துக்குக்கூட இப்போது வகுப்பு நடக்கிறது.

நான் தனியாகத்தான் படித்தேன். மாவு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் அது ஓடிக்கொண்டிருக்கும். நடந்தது 'இஸ்' என்று முடியும், நடப்பது 'ஆஸ்', நடக்கப்போவது 'ஓஸ்'. விதி என்றால் விதி, அதற்கு விலக்குக் கிடையாது. கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? தடுக்கி விழுந்ததெல்லாம் சின்னச் சொற்களில்தான். அந்த மொழியில் 'நி' என்றால் 'நாம்'. தெரிந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் பேசிப் பழகுவதற்காக இணையத்தில் பிடித்த பிரேசில் நாட்டுப் பெண்ணிடம் முதல் நாளே உளறிவிட்டேன். அவள் கேக் செய்து விற்பவள், என் வயதுதான் இருக்கும். நமக்குத்தான் சாப்பிட்டாச்சா என்று கேட்காவிட்டால் பேச்சே தொடங்காதே. "நி மாஞ்ஜிஸ்?" என்றேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்டதாக எனக்கு நினைப்பு. நாம் சாப்பிட்டோமா என்று கேட்டிருக்கிறேன். "நாம் இன்னும் சாப்பிடவில்லை, இரு" என்று எழுந்து போனவள், ஒரு துண்டு கேக்கோடு வந்து கேமரா முன்னால் நீட்டினாள். அவளும் சிரித்தாள்தான். ஆனால் அதில் எனக்கு வலிக்கவில்லை.

அன்று பேசி முடித்துக் கிளம்பும்போது, மனதில் வந்ததை அப்படியே அந்த மொழியில் போட்டேன். "மி ஈரோஸ் காய் வேனோஸ்." போய்விட்டு வருவேன். இணைப்பைத் துண்டித்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் அவளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. காபி ஆறிவிட்டது, எப்போது வருகிறாய் என்று. பாவம், திரைக்கு முன்னாலேயே காத்திருக்கிறாள்! எனக்கு வெட்கமாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது வெறுமனே 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், சொன்னால் இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம், அதனால்தான் 'வாரேன்' என்பதைச் சேர்க்கிறோம் என்று விளக்கி எழுதினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த முறையிலிருந்து அவளும் என்னிடம் அப்படியே சொல்லித்தான் விடைபெற்றாள்.

அவள் பேச்சைக் கேட்டுத்தான் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பல நாட்டுக்காரர்கள் கூடுவார்கள், கூட்டத்தில் பேசிப் பழகலாம் என்றாள். ஆசிரியர் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டுக்காரர். நரைத்த தாடியோடு சாந்தமாகத்தான் தெரிந்தார். முதல் நாள் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது யார் வீட்டு மொழியும் இல்லை. அதனால் இங்கே எல்லாரும் சமம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் முறை வந்தது. ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார். எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழா அன்று கால் வைக்க இடமில்லாமல் நிற்கும் ஜனத்தைப் பற்றியும், நேர்த்திக்கு வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின்மேல் எறிவதைப் பற்றியும் பேசினேன். சொற்களைத் தேடித் தேடித்தான் எடுத்தேன். ஆனால் நிறுத்தாமல் பேசினேன். திரையில் சதுரம் சதுரமாக அத்தனை முகங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. முடிக்கும்போது "மி ஈரோஸ் காய் வேனோஸ்" என்றேன்.

ஆசிரியர் சிரித்தார். "எங்கே போகிறீர்கள்? எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்றார். உடனே எல்லாச் சதுரங்களும் சிரித்தன. நான் விளக்க வாயெடுப்பதற்குள், "சாதாரண மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஜீஸ் ரெவீடோ என்று சொல்ல வேண்டும். எங்கே, என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அவருக்குப் போதவில்லை. இன்னொரு முறை என்றார். மறுபடியும் என்றார். அதற்கு மேல் நான் அதைச் சொல்லவில்லை.

"ஜீஸ் ரெவீடோ என்றால் மறுபடி பார்க்கும்வரை என்றுதானே அர்த்தம்? அப்படிச் சொல்லி விடைபெறுவது யார் வழக்கம்? உங்கள் பக்கத்து வழக்கம். அதைத் தூக்கி இந்த மொழிக்குள் வைத்தபோது யார் சிரித்தார்கள்? என் ஊர் வழக்கம் உள்ளே வந்தால் மட்டும் சிரிப்பா? யார் வீட்டு மொழியும் இல்லை என்றீர்களே, இப்போது இது யார் வீடு? என் தோழிக்குப் புரிந்தது. அவள் கேக் விற்பவள். அவள் சாதாரண மனுஷி இல்லையா?"

எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே கேட்டேன். ஒரு சொல்லுக்கும் முட்டவில்லை. மனதுக்குள் தமிழில் ஒத்திகை பார்க்கவில்லை. நாக்கு நடுங்கவில்லை. சத்தம் கேட்டு அடுக்களை வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரர் மெதுவாக, "யாரப் போட்டு இந்த ஏசு ஏசுத?" என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. நாலு பேர் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தானே இத்தனை பாடு!

திரையில் யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு அதே சாந்தத்தோடு, "உங்கள் உணர்ச்சி புரிகிறது. ஆனாலும் முறையாக விடைபெற்றுப் பழக வேண்டும்" என்றார்.

நான் அவர் முகத்தை நேராகப் பார்த்து, என் ஆயுளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"மி ஈராஸ்."

போறேன். அவ்வளவுதான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "த்ரே போனே!" என்றார். மிகவும் நல்லது, இப்போதுதான் பிழையில்லாமல் பேசுகிறீர்களாம்.